கிளிக் குறையும் காலத்தில் தமிழ்த் தளங்கள்: அடுத்த இரண்டு ஆண்டுகளுக்கான கணிப்பு

தமிழ்த் தளம் நடத்துகிறவர்கள் பலருக்கும், தளம் தேடலில் எப்படி நிற்கிறது என்று காட்டும் கூகுளின் சர்ச் கன்சோலில் இப்போது ஒரே மாதிரிப் படம்தான் தெரிகிறது. இம்ப்ரெஷன் கோடு (தேடலில் பக்கம் எத்தனை முறை காட்டப்பட்டது என்ற எண்ணிக்கை) ஏறுகிறது, அல்லது அப்படியே நிற்கிறது. கிளிக் கோடு இறங்கிக்கொண்டே போகிறது. இதைப் பார்த்ததும் "ரேங்க் போய்விட்டது" என்று முடிவுகட்டி, பேக்லிங்க் (பிற தளங்களிலிருந்து வரும் இணைப்பு) விற்பவர்களிடம் பணத்தைக் கொடுக்கிறார்கள். பெரும்பாலான தளங்களில் ரேங்க் இருந்த இடத்திலேயே இருக்கிறது. தேடல் முடிவுகளுக்கு மேலே கூகுள் தானே ஒரு பதிலை எழுதி வைத்துவிடுவதால், கீழே வர வேண்டிய தேவை வாசகருக்கு இல்லாமல் போகிறது.

கூகுள் எழுதும் இந்தப் பதிலுக்கு ஏ.ஐ. ஓவர்வியூ என்று பெயர். அது 2024 மே மாதம் அமெரிக்காவில் தொடங்கி, அதே ஆண்டு ஆகஸ்டில் ஆங்கிலத்திலும் இந்தியிலும் இந்தியாவுக்கு வந்தது. அக்டோபரில் தமிழும் அந்தப் பட்டியலில் சேர்ந்தது. 2025-இல், முழுப் பதிலையும் உரையாடலாகவே தரும் ஏ.ஐ. மோட் வந்து, ஆண்டு முடிவதற்குள் தமிழிலும் கிடைக்கத் தொடங்கியது. பியூ ஆய்வு மையம் அமெரிக்காவில் சுமார் 900 பேரின் 2025 மார்ச் மாதத் தேடல்களைப் பின்தொடர்ந்து பார்த்தது. ஏ.ஐ. சுருக்கம் வந்த தேடல்களில் வழக்கமான முடிவைச் சொடுக்கியது 8 விழுக்காடு. சுருக்கம் வராத தேடல்களில் 15 விழுக்காடு. சுருக்கத்துக்குள்ளேயே இருக்கும் இணைப்பைச் சொடுக்கியது வெறும் 1 விழுக்காடு. "சுருக்கத்தில் நம் பெயர் வந்தால் போதும், டிராஃபிக் வந்துவிடும்" என்று விற்கப்படும் பேக்கேஜ்களைப் பற்றி யோசிக்கும்போது இந்தக் கடைசி எண்ணை நினைவில் வையுங்கள்.

என் கணிப்பு: போன கிளிக் திரும்பி வராது. அடுத்த இரண்டு ஆண்டுகளில் எந்த வகைப் பக்கம் நிற்கும், எது சாகும் என்பதைப் பிரித்துப் பார்க்கிறவர்களே தாங்குவார்கள். அதற்கு முதல் வேலை, வீழ்ச்சியின் காரணத்தைச் சரியாகக் கண்டுபிடிப்பது.

சரிவை எப்படிப் படிப்பது

சர்ச் கன்சோல் 16 மாதத் தரவை வைத்திருக்கும். கடைசி மூன்று மாதத்தை அதற்கு முந்தைய மூன்று மாதத்தோடு ஒப்பிடாதீர்கள். தமிழ்த் தேடல் பருவத்தோடு ஆடுவது: பொங்கல், ஆடி, மே மாதத் தேர்வு முடிவுகள், தீபாவளி. சென்ற ஆண்டின் அதே வாரங்களோடுதான் ஒப்பிட வேண்டும்.

ஒவ்வொரு முக்கியப் பக்கத்துக்கும் இரண்டு எண்களைப் பக்கத்தில் பக்கத்தில் எழுதுங்கள்: சராசரி இடம், சி.டி.ஆர். (காட்டப்பட்டதில் எத்தனை விழுக்காடு கிளிக் ஆனது). இடம் ஒரு படிக்குள் மட்டும் நகர்ந்து சி.டி.ஆர். பாதியாகியிருந்தால், பெரும்பாலும் மேலே பதில் பெட்டி வந்திருக்கிறது. அந்தப் பக்கத்தை எத்தனை முறை திருத்தி எழுதினாலும் பழைய கிளிக் வராது. இடமே நான்கிலிருந்து பதினொன்றுக்குப் போயிருந்தால் அது ரேங்க் பிரச்சினை. அங்கே உழைத்தால் பலன் உண்டு. இந்த இரண்டையும் குழப்பிக்கொள்வதில்தான் அதிகப் பணம் வீணாகிறது.

இதில் ஒரு பொறி இருக்கிறது. 2025 செப்டம்பரில், ஒரே பக்கத்தில் நூறு முடிவுகளைக் காட்டும் வசதியைக் கூகுள் நிறுத்தியது. ரேங்க் பார்க்கும் மென்பொருள்கள் அதை நம்பித்தான் ஓடின. அவை போலியாகச் சேர்த்துக்கொண்டிருந்த இம்ப்ரெஷன்கள் சில நாளில் மறைந்தன. அதனால் பல தளங்களில் அந்த மாதம் இம்ப்ரெஷன் சரிந்தது போலவும் சராசரி இடம் திடீரென முன்னேறியது போலவும் தெரியும். அந்த மாதத்தைக் கடந்து இம்ப்ரெஷனை ஒப்பிட்டு எடுக்கும் எந்த முடிவும் தவறாகத்தான் போகும். கிளிக்கை மட்டும் ஒப்பிடுங்கள்.

தமிழுக்கே உரிய இன்னொரு சிக்கல்: மிகச் சிலர் மட்டுமே தேடிய சொற்றொடர்களைத் தனியுரிமை கருதி சர்ச் கன்சோல் பட்டியலில் காட்டாது. ஆங்கிலத்தில் ஆயிரம் பேர் ஒரே மாதிரி தட்டுவதைத் தமிழில் முப்பது விதமாகத் தட்டுகிறோம். "வீட்டுக் கடன் வட்டி", "வீட்டுக்கடன் வட்டி", "வீட்டு கடன் வட்டி", "ஹோம் லோன் வட்டி", இவை அத்தனையும் ரோமன் எழுத்திலும் வேறு. ஒவ்வொன்றும் சிறு எண்ணிக்கை என்பதால் பெரும்பகுதி மறைந்துவிடுகிறது. சொல் வடிகட்டி போட்டவுடன் மறைந்தவை கணக்கிலிருந்தே விழுந்துவிடும். ஆகவே தமிழ்த் தளத்துக்குப் பக்க வாரியான எண்ணே நம்பத்தக்கது. சொல் பட்டியலை, மக்கள் எந்த வடிவில் கேட்கிறார்கள் என்று அறிய மட்டும் பயன்படுத்துங்கள். வடிகட்டியில் ரெஜெக்ஸ் (பல சொல் வடிவங்களை ஒரே விதியில் தேடும் முறை) தேர்ந்தெடுத்து "எப்படி", "என்றால் என்ன", "எவ்வளவு", "ஏன்" ஆகியவற்றை நேர்க்கோட்டுக் குறியால் (|) பிரித்துக் கொடுத்தால் கேள்வி வடிவங்கள் தனியே வரும். ரோமன் எழுத்தில் "எப்படி"யை எழுதும் மூன்று நான்கு வகைகளையும் சேர்க்க மறக்காதீர்கள்.

எது சாகும், எது நிற்கும்

"என்றால் என்ன" பக்கங்கள் முடிந்துவிட்டன. பட்டா என்றால் என்ன, சிபில் ஸ்கோர் என்றால் என்ன, தைராய்டு என்றால் என்ன: இவற்றுக்கு இனி யாரும் தளத்துக்கு வரப்போவதில்லை. புதிதாக எழுதுவதை நிறுத்துங்கள். பழையவற்றை அழிக்கவும் வேண்டாம், மற்றப் பக்கங்களுக்கு உள்ளிணைப்புத் தர உதவும்.

நிற்கப்போவது மூன்று வகை. இன்று ஒன்று நாளை ஒன்று என மாறும் தகவலை உண்மையிலேயே உடனுக்குடன் புதுப்பிக்கும் பக்கம். வாசகர் தன் எண்ணைப் போட்டுப் பார்க்கும் கணிப்பான். மூன்றாவது, நேரில் வேலை செய்தவருக்கு மட்டுமே தெரிந்த விவரம் உள்ள பக்கம். மூன்றாவதுதான் சிறிய தளங்களின் பலம். பட்டா மாறுதலையே எடுத்துக்கொள்வோம். உட்பிரிவு தேவைப்படாத மனைக்கும் உட்பிரிவு செய்ய வேண்டிய மனைக்கும் நடைமுறை வேறு. இரண்டாவதில் நில அளவர் வந்து அளந்தாக வேண்டும். இவ்வளவையும் இயந்திரமே சொல்லிவிடும். பத்திரத்தில் உள்ள பெயரும் பழைய பட்டாவில் உள்ள பெயரும் ஓரெழுத்து மாறினால் என்ன செய்வது, வாரிசுச் சான்றிதழ் எந்தக் கட்டத்தில் கேட்கப்படுகிறது, மனு நிராகரிக்கப்பட்டால் அந்தக் காரண வாசகத்துக்கு என்ன பொருள் என்பதை விரிவாக எழுதிய பக்கம் தமிழில் மிகக் குறைவு. அதை எழுதியவரிடம் வாசகர் வந்தே ஆக வேண்டும், ஏனெனில் சுருக்கம் போதாத அளவுக்கு அவர் பணம் அதில் மாட்டியிருக்கிறது.

ஏ.ஐ. மோட் ஒரு கேள்வியை அப்படியே தேடுவதில்லை. அதைப் பல துணைக் கேள்விகளாக உடைத்து, எல்லாவற்றையும் ஒரே நேரத்தில் தேடி, கிடைத்த பத்திகளைத் தொகுக்கிறது. முழுப் பக்கம் எத்தனையாவது இடம் என்பதைவிட, உங்கள் பக்கத்தில் உள்ள ஒரு பத்தி ஒரு துணைக் கேள்விக்குத் தனியே நின்று பதில் சொல்கிறதா என்பது இங்கே முக்கியமாகிறது. தமிழில் எழுதுகிறவர்கள் இங்கேதான் தோற்கிறார்கள். நம் வாக்கியம் எழுவாயை எளிதில் விட்டுவிடும். "பிறகு அங்கே கொடுத்தால் பதினைந்து நாளில் வந்துவிடும்" என்று எழுதினால், மேல் பத்தியைப் படித்த மனிதருக்குப் புரியும். அந்த வரியைத் தனியே எடுத்தால் என்ன, எங்கே, எது என்று எதுவும் இல்லை.

செய்ய வேண்டியது எளிது, ஆனால் பொறுமை வேண்டும். ஒரு பக்கத்தை எழுதுமுன் எட்டுப் பத்துத் துணைக் கேள்விகளைக் காகிதத்தில் எழுதுங்கள். ஒவ்வொன்றுக்கும் ஒரு துணைத்தலைப்பு. தலைப்புக்குக் கீழ் முதல் இரண்டு வாக்கியத்தில், சுமார் 40 சொல்லுக்குள், முழுப் பதில். அந்த வாக்கியங்களில் "இது", "அது", "மேலே சொன்னபடி" வரக் கூடாது. பொருளின் பெயரை மறுபடி எழுதுங்கள். கட்டணம், நாள், அளவு எதுவாக இருந்தாலும் அலகோடும் எந்தத் தேதி நிலவரம் என்பதோடும் தாருங்கள். விளக்கமும் விதிவிலக்கும் அதற்குப் பின்னால் வரட்டும். ஒரு பத்தியை நகலெடுத்துச் சம்பந்தமில்லாத ஒருவருக்கு வாட்ஸாப்பில் அனுப்பினால் அவருக்குப் புரிகிறதா? இதைவிட நல்ல சோதனை எனக்குத் தெரியவில்லை.

பக்கத்தில் என்ன இருக்கிறது என்று தேடுபொறிக்குச் சொல்லும் ஸ்கீமா குறியீடு பற்றி ஒரு வார்த்தை. எஃப்.ஏ.க்யூ. (கேள்வி-பதில்) ஸ்கீமாவால் தேடல் முடிவில் கிடைத்த விரிந்த தோற்றத்தை 2023 ஆகஸ்டில் கூகுள் அரசு, மருத்துவத் தளங்களுக்கு மட்டும் என்று சுருக்கிவிட்டது. ஹவ்-டு (படிப்படியான செய்முறை) வகையும் அதே ஆண்டு போய்விட்டது. ஏ.ஐ. ஓவர்வியூவில் வரத் தனி ஸ்கீமா எதுவும் தேவையில்லை என்று கூகுளே சொல்கிறது. பக்கம் கூகுள் பட்டியலில் சேர்ந்து (இண்டெக்ஸ்), ஸ்னிப்பெட் (முடிவின் கீழ் வரும் விளக்க வரி) காட்டத் தகுதியுடன் இருந்தால் போதும். இன்னும் "ஏ.ஐ. ஸ்கீமா பேக்" வாங்குகிறவர்களைப் பார்க்க வருத்தமாக இருக்கிறது.

தமிழ்ப் பக்கங்கள் சறுக்கும் இடங்கள்

யூ.ஆர்.எல். (பக்க முகவரி) முதலில். தமிழ் எழுத்து, கணினி எழுத்தைச் சேமிக்கும் யூ.டி.எஃப்.-8 முறையில் ஒரு குறிக்கு 3 பைட் எடுக்கும், யூ.ஆர்.எல்.-இல் மாற்றும்போது ஒவ்வொரு பைட்டும் சதவீதக் குறியோடு 3 எழுத்தாகும். ஆக ஒரு குறிக்கு 9 எழுத்து. "கி" போன்ற உயிர்மெய்க்கு இரண்டு குறி, எனவே 18. வேர்ட்பிரஸில் ஸ்லக்கின் (முகவரியின் கடைசியில் வரும் பதிவுப் பெயர்) நீள வரம்பு 200 எழுத்து. கணக்குப் போட்டால் 22 குறிதான் தேறும். "உட்பிரிவுடன் கூடிய பட்டா மாறுதல்" என்று தலைப்பு வைத்து ஸ்லக்கைத் தானாக உருவாக விட்டால், "பட்டா" முடிந்ததும் இடம் தீர்ந்துவிடும். "மாறுதல்" காணாமல் போகும். இதே தொடக்கத்தோடு இன்னொரு பதிவு போட்டால் கடைசியில் எண்கள் ஒட்டிக்கொண்டு, எது எந்தப் பக்கம் என்றே தெரியாமல் போகும். தமிழ் யூ.ஆர்.எல்.லைக் கூகுள் ஒதுக்குவதில்லை. ஆனாலும் பகிரும்போது அது நீண்ட சதவீதக் குறிச் சங்கிலியாக மாறி, வைரஸ் இணைப்பு போல் தெரிவதால் மக்கள் தொடத் தயங்குகிறார்கள். புதிய பதிவுகளுக்கு ஸ்லக்கை ரோமன் எழுத்தில் நான்கு சொல்லுக்கு மிகாமல் கையால் எழுதுங்கள். பழையவற்றை மாற்றுவதானால் 301 ரீடைரக்ட் (பழைய முகவரியிலிருந்து புதியதுக்கு நிரந்தரமாகத் திருப்பிவிடுவது) இல்லாமல் தொடாதீர்கள். நன்றாக ஓடும் பக்கத்தை அழகுக்காக மாற்றவே வேண்டாம்.

தலைப்பை எழுத்து எண்ணிக்கையால் அளக்கும் கருவிகள் தமிழுக்குப் பயன்படா. கூகுள் அகலத்தைப் பார்த்து வெட்டுகிறது. நம் எழுத்துகள் அகலமானவை. முக்கியச் சொற்கள் முதல் 30 எழுத்துக்குள் வந்துவிட வேண்டும்.

சந்தியும் வேற்றுமை உருபும் இன்னொரு தலைவலி. எல்லா வடிவத்தையும் ஒரே பக்கத்தில் திணிப்பது அசிங்கமாக இருக்கும், தேவையும் இல்லை. தலைப்பில் மக்கள் அதிகம் தட்டும் வடிவம், முதல் பத்தியில் இலக்கண வடிவம், ஒரு துணைத்தலைப்பில் ஆங்கில வழக்குச் சொல்லின் தமிழ் எழுத்து வடிவம். இந்த மூன்றோடு நிறுத்திக்கொள்ளலாம்.

இலங்கை வாசகர்களும் வருகிறார்கள் என்றால், அவர்களுக்கெனத் தனிப் பக்கம் எழுதுங்கள். தமிழகத்தில் "ஓட்டுநர் உரிமம்" அல்லது "டிரைவிங் லைசென்ஸ்". இலங்கையில் "சாரதி அனுமதிப்பத்திரம்". சட்டமும் அலுவலகமும் கட்டணமும் வேறு. இரண்டையும் ஒரே பக்கத்தில் கலந்தால் பதில் தொகுக்கும் இயந்திரம் ஒன்றின் கட்டணத்தை மற்றொன்றின் நாட்டோடு ஒட்டிவிடும். தனித்தனிப் பக்கம் போட்டு, எது எந்த நாட்டு வாசகருக்கு என்று சொல்லும் எச்ரெஃப்லாங் குறியால் இணையுங்கள். இரண்டு பக்கமும் ஒன்றையொன்று சுட்ட வேண்டும். ஒரு பக்கம் மட்டும் சுட்டினால் கூகுள் அந்தக் குறியையே புறக்கணித்துவிடும். நடைமுறையில் நடக்கும் பிழைகளில் இதுவே முதன்மையானது.

அடுத்து மொழிபெயர்ப்பு வெள்ளம். ஆங்கிலப் பக்கங்களை இயந்திரத்தில் போட்டு நாளுக்கு நூறு தமிழ்ப் பக்கம் இறக்கும் தளங்கள் பெருகிவிட்டன. அடுத்த ஆண்டு இன்னும் பெருகும். 2024 மார்ச்சில் கூகுள் கொண்டுவந்த புதிய ஸ்பேம் கொள்கைகளில் ஒன்று நேராக இதைத்தான் குறிவைக்கிறது: மனிதர் எழுதினாரா இயந்திரம் எழுதியதா என்பது அங்கே கேள்வி இல்லை, ரேங்க்குக்காக மொத்தமாகத் தயாரிக்கப்பட்ட, பயனற்ற பக்கமா என்பதே கேள்வி. தமிழில் அந்தக் கொள்கையின் பிடி இன்னும் தளர்வாகத்தான் இருக்கிறது. அது இறுகும் நாளில் இந்தத் தளங்கள் மொத்தமாக விழும் என்று எதிர்பார்க்கிறேன். தவிர, தமிழில் நல்ல பக்கம் கிடைக்காதபோது ஆங்கிலப் பக்கத்தையே மொழிபெயர்த்துக் காட்டும் வசதி கூகுளிடம் ஏற்கெனவே இருக்கிறது. அவர்களே செய்யக்கூடியதை நாம் செய்து என்ன பயன்?

பாட்களுக்குக் கதவைத் திறப்பதா

பாட் என்பது தளங்களைத் தானாகப் படித்துச் செல்லும் நிரல். இதில் குழப்பம் அதிகம். ஓபன்ஏ.ஐ. நிறுவனத்தின் முக்கியமான பாட்கள் மூன்று: பயிற்சிக்கு எடுப்பது ஜி.பி.டி.பாட், சாட்ஜி.பி.டி. தேடலுக்காக வருவது ஓ.ஏ.ஐ.-சர்ச்பாட், ஒருவர் கேள்வி கேட்கும் அந்த நொடியில் பக்கத்தைத் திறப்பது சாட்ஜி.பி.டி.-யூசர். முதலாவதைத் தடுத்துவிட்டு மற்ற இரண்டையும் விடலாம். சிறிய தளங்களுக்கு என் பரிந்துரையும் அதுவே. எந்தப் பாட் வரலாம் என்று சொல்லும் ரோபோட்ஸ் கோப்பில் கூகுள்-எக்ஸ்டெண்டெட் என்ற பெயரைத் தடுத்தால் ஏ.ஐ. ஓவர்வியூவிலிருந்து விலகிவிடலாம் என்று பலர் நம்புகிறார்கள். அது தவறு. ஓவர்வியூ சாதாரணக் கூகுள்பாட் எடுத்ததிலிருந்தே வருகிறது. விலக வேண்டுமானால் நோஸ்னிப்பெட் குறி போட வேண்டும். அப்படிப் போட்டால் வழக்கமான முடிவிலும் உங்கள் விளக்க வரி போய்விடும், கிளிக்கும் சேர்ந்து போகும்.

தளங்களுக்குப் பாதுகாப்பும் வேகமும் தரும் கிளவுட்ஃப்ளேர் நிறுவனம் 2025 ஜூலையிலிருந்து புதிதாகச் சேரும் தளங்களுக்கு ஏ.ஐ. பாட்களை இயல்பாகவே தடுக்கிறது. அதற்குப் பிறகு தளம் தொடங்கியவர்கள் தங்கள் டாஷ்போர்டில் என்ன தேர்வாகியிருக்கிறது என்று ஒருமுறை பாருங்கள். இன்னொன்று: பெரும்பாலான ஏ.ஐ. பாட்கள் ஜாவாஸ்கிரிப்டை இயக்குவதில்லை. பிரவுசரில் ஜாவாஸ்கிரிப்டை அணைத்துவிட்டு உங்கள் பக்கத்தைத் திறந்தால், விலைப்பட்டியலோ கட்டுரையோ காணாமல் போகிறதா? அவற்றுக்கும் அது தெரியாது. ஏ.ஐ. இயந்திரங்களுக்கு வழிகாட்ட எல்.எல்.எம்.எஸ். கோப்பு என்று ஒன்றைப் போடச் சொல்வார்கள். கூகுள் தேடல் அதைப் பார்ப்பதில்லை. அதற்குச் செலவிடும் அரை நாளில் ஒரு பக்கத்தைத் திருத்தலாம்.

சாட்ஜி.பி.டி. தான் காட்டும் இணைப்புகளில் தன் பெயரை மூலக்குறியாகச் சேர்ப்பதால், அதிலிருந்து வருகிறவர்களைக் கூகுளின் வருகைக் கணக்குக் கருவியான ஜி.ஏ.4-இல் பிடிக்க முடியும். நிர்வாகப் பகுதியில் புதிய சேனல் குழு உருவாக்கி, சாட்ஜி.பி.டி., பெர்ப்ளெக்ஸிட்டி, ஜெமினி, கோபைலட் மூலங்களை ஒரு விதியில் சேருங்கள். அந்த விதி "ரெஃபரல்" விதிக்கு மேலே இருக்க வேண்டும். முதலில் பொருந்தும் விதியே செல்லும் என்பதால், கீழே இருந்தால் ஒன்றும் பதிவாகாது. ஆப்பிலிருந்து வருகிறவர்களில் ஒரு பகுதி எப்படியும் "டைரக்ட்" கணக்கில்தான் விழுவார்கள். ஏ.ஐ. மோட் கிளிக்குகள் சர்ச் கன்சோல் மொத்தத்துக்குள்ளேயே கலந்திருக்கின்றன.

சொந்தப் பட்டியல்

தேடலில் இழப்பதை ஈடுகட்ட எல்லாரும் வாட்ஸாப்புக்கும் மின்னஞ்சலுக்கும் ஓடப்போகிறார்கள். அந்த இடமும் நெரிசலாகும், விலையும் ஏறும். 2025 ஜூலை முதல் வாட்ஸாப் பிசினஸ் தளம் உரையாடலுக்குப் பதிலாக ஒவ்வொரு டெம்ப்ளேட் (முன்கூட்டியே ஒப்புதல் பெற்ற) செய்திக்கும் கட்டணம் வசூலிக்கிறது. வாடிக்கையாளர் தானாகச் செய்தி அனுப்பிய பின் 24 மணி நேரத்துக்குள் நீங்கள் தரும் பதிலுக்குக் கட்டணமில்லை. எனவே மொத்தமாகச் செய்தி தள்ளுவதைவிட, பக்கத்தின் முடிவில் "உங்கள் ஊருக்கான பட்டியல் வேண்டுமா, இந்த எண்ணுக்கு ஊர்ப் பெயரை அனுப்புங்கள்" என்று அவரை முதலில் பேச வைப்பதே செலவு குறைந்த வழி. ஒருவர் பெறும் விளம்பரச் செய்திகளுக்கு, எல்லா நிறுவனங்களிடமிருந்தும் வருவதைச் சேர்த்து, மெட்டா ஒரு வரம்பு வைத்திருக்கிறது. அந்த வரம்பில் மாட்டித் திரும்பிய செய்தியை உடனே மறுபடி அனுப்பினால் மறுபடியும் திரும்பும். ஒரு நாளாவது விடுங்கள்.

மின்னஞ்சலில் ஜிமெயிலும் யாஹூவும் 2024 பிப்ரவரி முதல் கண்டிப்பாக இருக்கின்றன. ஜிமெயில் முகவரிகளுக்கு நாளுக்கு 5,000-க்கு மேல் அனுப்பினால், அனுப்புவது நீங்கள்தான் என்று உறுதிசெய்யும் எஸ்.பி.எஃப்., டி.கே.ஐ.எம்., டிமார்க் மூன்றும் வேண்டும். ஒரே சொடுக்கில் விலகும் வசதி வேண்டும். ஸ்பேம் புகார் 0.3 விழுக்காட்டைத் தொடக் கூடாது. 0.1-க்குக் கீழே வைத்திருப்பதே பாதுகாப்பு. ஆறு மாதமாகத் திறக்காதவர்களைப் பட்டியலிலிருந்து எடுப்பது இந்த எண்ணைக் கட்டுக்குள் வைக்க உதவும். இந்தியாவில் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டத்தின் விதிகளும் 2025 நவம்பரில் வந்துவிட்டன. முழு நடைமுறைக்கு அவகாசம் இருக்கும்போதே, யார் எந்தத் தேதியில் எதற்குச் சம்மதித்தார் என்பதைப் பதிவுசெய்யும் ஒரு நெடுவரிசையை உங்கள் பட்டியலில் சேர்த்துவிடுங்கள். பின்னால் அதை உருவாக்க வழியே இல்லை.

உள்ளூர்க் கடைகளும் வாங்கித் தரும் இயந்திரமும்

கடை வைத்திருப்பவர்களுக்குப் பாதிப்பு குறைவு. தேடலில் அருகிலுள்ள கடைகளைக் காட்டும் வரைபடப் பெட்டியை ஏ.ஐ. இன்னும் விழுங்கவில்லை. கூகுள் பிசினஸ் புரொஃபைலில் முதன்மை வகையைத் துல்லியமாகத் தேர்ந்தெடுங்கள், பண்டிகை நாள் நேரத்தைத் தனியே போடுங்கள், கடைப் பெயரோடு "சிறந்த", "மலிவு", ஊர்ப் பெயர் என்று ஒட்டாதீர்கள். பெயர்ப் பலகையில் இல்லாத சொல் புரொஃபைலில் இருந்தால் போட்டிக்காரர் ஒரு புகாரில் முடக்கிவிடலாம்.

இணையத்தில் பொருள் விற்பவர்கள் கவனிக்க வேண்டியது வேறு. 2025 அக்டோபரில் யூ.பி.ஐ.யை நடத்தும் என்.பி.சி.ஐ., கட்டணச் சேவை நிறுவனமான ரேஸர்பே, ஓபன்ஏ.ஐ. சேர்ந்து சாட்ஜி.பி.டி.க்குள்ளேயே யூ.பி.ஐ. மூலம் வாங்கும் சோதனையை அறிவித்தன. முதலில் சேர்ந்தவற்றில் பிக்பாஸ்கெட்டும் உண்டு. இரண்டு ஆண்டில் இது பெருவழக்காகும் என்று நான் நம்பவில்லை. மளிகை, ரீசார்ஜ் போன்ற, யோசிக்காமல் வாங்கும் பொருள்களில் முதலில் ஒட்டிக்கொள்ளும். பட்டுச்சேலைக்கு வர நெடுநாளாகும். ஆனால் அதற்கான தயாரிப்பு இன்றைக்கே பயன் தருவது: கூகுள் மெர்ச்சண்ட் சென்டருக்குப் போகும் ஃபீடில் (பொருள் விவரக் கோப்பு) உள்ள விலையும் இருப்பும், பொருள் பக்கத்தில் உள்ள விலையும் இருப்பும், அந்தப் பக்க ஸ்கீமாவில் உள்ளவையும் ஒன்றாக இருக்க வேண்டும். தள்ளுபடி நாளில் பக்கத்தில் விலையை மாற்றிவிட்டு ஃபீடை நாளுக்கு ஒருமுறைதான் புதுப்பிப்பவர்களுக்கு அன்றைக்கே பொருள்கள் நிராகரிக்கப்படலாம். விற்பனை அதிகம் இருக்கும் நாளில் பட்டியலிலிருந்தே விழக்கூடும். ஃபீடைச் சில மணி நேரத்துக்கு ஒருமுறை ஓடும்படி வையுங்கள், தள்ளுபடி விலைக்குரிய தனிப் புலத்தில் தொடக்க, முடிவு நேரத்தை முன்கூட்டியே எழுதுங்கள், ஜி.எஸ்.டி. சேர்த்த விலையை மட்டும் காட்டுங்கள்.